எரிமலை மாடல் போதும்: ஆம்பூர் பக்கம் அறிவியல் விழா நடத்தினால் மேசை மேல் எதை வைக்கலாம்?

கொதிக்கும் தண்ணீரில் ஒரு சின்னத் தோல் துண்டைப் போடுகிறார்கள். இரண்டு, மூன்று நிமிடம் கழித்து இடுக்கியால் எடுத்து, முன்பே காகிதத்தில் வரைந்து வைத்த அளவோடு ஒட்டிப் பார்க்கிறார்கள். அளவு மாறவில்லை என்றால் பதம் சரி. சுருண்டு சுருங்கிப் போயிருந்தால் வேலை இன்னும் பாக்கி.

குரோம் முறையில் தோல் பதனிடும் டேனரிகளில் 'பாயில் டெஸ்ட்' என்று சொல்லப்படும் சோதனை இது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இதைத் தெரிந்த அப்பாக்கள் நிறைய. கல்லூரியில் புரத வேதியியல் என்று படிக்கும் பாடத்தை அவர்கள் இடுக்கியும் கையுமாகக் கற்றிருக்கிறார்கள்.

அவர்களுடைய பிள்ளைகள் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்குப் பள்ளியில் வைப்பது பெரும்பாலும் வேறு. பேக்கிங் சோடா எரிமலை, தெர்மாகோல் சூரியக் குடும்பம், கை நீட்டினால் திறக்கும் குப்பைத் தொட்டி. பக்கத்திலேயே 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை. பெற்றோர் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள்.

இதே ஊரில் குடும்பத்தோடு வந்து, கையால் செய்து பார்க்கும் அறிவியல் விழா ஒன்றைத் திட்டமிட்டால் எப்படி இருக்க வேண்டும்?

'ஹேண்ட்ஸ்-ஆன்' என்றால் என்ன?

பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது. இதைக் கையால் செய்யும் அறிவியல் என்று சொல்லிவிட முடியாது. யார் அழுத்தினாலும் ஒரே விளைவுதான். பார்வையாளர் செய்வதைப் பொறுத்து விடை மாற வேண்டும். 'இப்படிச் செஞ்சா என்ன ஆகும்?' என்று அடுத்த கேள்வி வர வேண்டும். அப்போதுதான் அது சோதனை.

இந்த எண்ணத்துக்குப் பெரிய வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். 1969-ல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் தொடங்கிய 'எக்ஸ்ப்ளோரடோரியம்' தொடுவதற்காகவே கட்டப்பட்ட அருங்காட்சியகம். அங்கே விளக்கம் சொல்ல நின்றவர்கள் பேராசிரியர்கள் அல்ல, உள்ளூர் பள்ளி மாணவர்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வாணியம்பாடியிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டினால் வரும் குப்பத்தில் அகஸ்தியா அறக்கட்டளையின் வளாகம் இருக்கிறது. 1999-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, கிராமப் பள்ளிகளுக்கு வேனிலும் பைக்கிலும் பரிசோதனைக் கருவிகளைக் கொண்டுபோகிறது. மாணவர்களையே பயிற்றுநர்களாக்கி மற்ற மாணவர்களுக்குச் சொல்லித்தர வைக்கிறது. தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் திட்டமும் 6 முதல் 8-ம் வகுப்பு வரை இதே வழியில்தான் போகிறது: கருவிகள் பள்ளிக்கு வரும், பிள்ளைகள் தொட்டுச் செய்வார்கள்.

இந்த இரண்டிலும் மையம் மாணவர். குடும்ப விழாவில் கூடவே அம்மா, அப்பா, பாட்டி, கைக்குழந்தை எல்லோரும் வருவார்கள். அதனால் திட்டமிடலும் மாறுகிறது.

குடும்பத்துக்கு ஏற்ற மேசை: ஏழு குணங்கள்

1990-களில் அமெரிக்காவின் பிலடெல்பியா வட்டாரத்தில் ஓர் அறிவியல் அருங்காட்சியகம், ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், ஒரு மீன் காட்சியகம், ஓர் உயிரியல் பூங்கா ஆகிய நான்கும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. எந்த மாதிரி காட்சிப் பொருளின் முன்னால் குடும்பங்கள் சேர்ந்து பேசுகின்றன, கற்கின்றன என்பதுதான் கேள்வி. கிடைத்த பதிலை ஏழு குணங்களாகச் சொல்லலாம்.

1. நாலு பக்கமும் ஆட்கள் நிற்க இடம் வேண்டும். சுவரோரம் ஒட்டிய மேசை குடும்பத்துக்கு ஆகாது.
2. ஒரே நேரத்தில் பல கைகளுக்கு வேலை இருக்க வேண்டும்.
3. சின்னவருக்கும் பெரியவருக்கும் எட்ட வேண்டும்.
4. விடை ஒன்றோடு முடியாமல் பேச்சை வளர்க்க வேண்டும்.
5. பார்ப்பது, தொடுவது, கேட்பது என வெவ்வேறு வழிகளில் கற்க இடம் தர வேண்டும்.
6. எழுத்து சுருக்கமாக, சட்டென்று படிக்கும்படி இருக்க வேண்டும்.
7. வந்தவர் ஏற்கெனவே அறிந்த ஒன்றோடு தொடர்பு இருக்க வேண்டும்.

முதல் ஆறையும் எந்த ஊரிலும் தச்சரையும் பிரிண்டரையும் வைத்துச் செய்துவிடலாம். ஏழாவது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் தோல் வட்டாரத்தில் அந்தத் தொடர்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. தோல், தையல், தண்ணீர் மூன்றும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

மேசை 1: சுருங்குமா, சுருங்காதா?

தோலின் உடம்பு கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்ட அமைப்பு. பதனிடாத தோலை ஈரத்தில் சூடாக்கினால் சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் அந்த முறுக்கு அவிழ்ந்து தோல் சுருங்கும். கடுக்காய், ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருட்களால் பதனிட்டால் சுமார் 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும். குரோமியம் உப்பால் பதனிட்டால் கொதிநீரையே தாங்கும். இழைகளுக்கு நடுவே குரோமியம் பாலம் போட்டுப் பிடித்துக்கொள்கிறது.

விழாவில் இதை எப்படி வைப்பது? மூன்று துண்டுகள் போதும். பதனிடாததற்குப் பறை, தவில் போர்த்தும் தோலின் கழிவுத் துண்டு, தாவர முறையில் பதனிட்ட ஒன்று, குரோம் தோல் ஒன்று. வந்தவர்கள் முதலில் அளவை வரைகிறார்கள். எது சுருங்கும் என்று புளியங்கொட்டையை டம்ளரில் போட்டு ஓட்டுப் போடுகிறார்கள். சூடான தண்ணீரைக் கையாள்வது பயிற்சி பெற்ற பெரியவர் மட்டும், அதுவும் தடுப்புக்குப் பின்னால். எடுத்த துண்டு ஆறிய பிறகு மறுபடி அளப்பது பிள்ளைகள்.

பாயில் டெஸ்ட் செய்து பழகிய ஒருவர் அந்த மேசையருகே பார்வையாளராக வந்து நின்றால், விளக்கம் சொல்லும் கல்லூரி மாணவர் கொஞ்சம் ஒதுங்கி நின்றாலே போதும். "இது நாங்க தினமும் பண்றதுதான்" என்று அவரே ஆரம்பித்துவிடுவார்.

மேசை 2: நாக்கும் கடுக்காயும்

துவர்ப்பு என்பது என்ன? கடுக்காய், கட்டஞ்சாயா, வாழைப்பூ ஆகியவற்றில் இருக்கும் டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. வழவழப்பு போய் வாய் வறண்டு இழுக்கிறது. டேனரியில் தோலில் நடப்பதும் கிட்டத்தட்ட இதே வேதியியல்தான்: டானின் போய்ப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

சோதனை எளிது. ஒரு மடக்கு பால் சேர்க்காத கடும் டீ, அடுத்து பால் சேர்த்த டீ. இரண்டாவதில் துவர்ப்பு குறைவது ஏன்? டானினைப் பாலின் புரதம் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. இன்னொரு தட்டில் ஜெலட்டின் கரைசல். அதில் கடும் டீயை விட்டால் கலங்கித் திப்பி திப்பியாகும். ஜெலட்டின் விலங்குகளிலிருந்து வருவது என்பதை மேசையிலேயே எழுதி வைக்க வேண்டும். இந்தத் தட்டு பார்க்க மட்டும், ருசிக்க அல்ல. சாப்பிடும் மேசையும் சோதனை மேசையும் ஒன்றாக இருக்கவே கூடாது.

கடுக்காய் ஊறிய தண்ணீரில், துருப்பிடித்த ஆணியை வினிகரில் சில நாள் ஊறவைத்த நீரைச் சொட்டினால் கரு நீல மசி கிடைக்கும். அதைத் தொட்டுப் பிள்ளை தன் பெயரை எழுதி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். தாவர முறையில் பதனிட்ட 'ஈ.ஐ. தோல்', அதாவது கிழக்கிந்தியத் தோல், புவிசார் குறியீடு பெற்ற தமிழகப் பொருள் என்பதையும் சொல்ல இதுவே இடம்.

மேசை 3: எத்தனை தையல் போட்டால் உறுதி?

நெருக்கித் தைத்தால் உறுதி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். துணிக்கு ஓரளவு சரி. தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. அளவுக்கு மேல் நெருக்கினால் தபால் தலையின் ஓரம் போலக் கோடு பிடித்துக் கிழியும்.

தடித்த அட்டைத் துண்டுகளில் ஓர் அங்குலத்துக்கு 4, 8, 16 என ஓட்டைகள். ஒவ்வொன்றையும் ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுக்க வேண்டும். எது முதலில் கிழிகிறது, எத்தனை கிலோவில் என்று சுவரில் மாட்டிய வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். செலவு மிகக் குறைவு. மாலைக்குள் சுவரில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து, வந்தவர்களே உண்டாக்கிய தரவாக நிற்கும்.

இந்த மேசைக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். கட்டிங், ஸ்கைவிங், ஸ்டிச்சிங் என்று நாள் முழுக்கத் தோலின் குணத்தைக் கையால் படிப்பவர்கள்.

2001-ல் வெளியான ஓர் ஆய்வு இங்கே கவனிக்க வேண்டியது. கலிபோர்னியாவில் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில் குடும்பங்களைக் கவனித்தபோது, காட்சிப் பொருளை எப்படி இயக்குவது என்பதை மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். 'இது ஏன் இப்படி நடக்கிறது' என்ற விளக்கம் மட்டும் மகனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு அதிகமாக இருந்தது.

இதற்கு மேசையிலேயே ஒரு மாற்று வைக்கலாம். கேள்வி அட்டையை 'அம்மாவிடம் கேள்: கம்பெனியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல்? ஏன்?' என்று தொடங்கினால் போதும். அம்மா விளக்கம் சொல்கிறவர் ஆகிறார். மகள் அதைப் பார்க்கிறாள்.

மேசை 4: குடும்பத்தின் கால்கள்

சென்னையில் 1948-ல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் கால்களை 3-டி ஸ்கேனரால் அளந்தது. இந்தியக் கால்கள் ஐரோப்பியக் கால்களைவிட அகலம் என்று தெரிந்தது. அதன் அடிப்படையில்தான் 'பா' என்ற இந்தியக் காலணி அளவு முறை பரிந்துரைக்கப்பட்டது.

விழாவில் ஸ்கேனர் வேண்டாம். காகிதம், பென்சில், அளவு நாடா. ஒவ்வொருவரும் இரண்டு பாதங்களையும் வரைந்து நீளம், அகலம் அளக்க வேண்டும். பலருக்கும் இரண்டு கால்களுமே ஒன்றாக இருக்காது, அதுவே முதல் ஆச்சரியம். பிரிட்டிஷ் முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், ஐரோப்பிய முறையில் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். 'நம்ம கால் எந்த முறைக்குச் சரியா வருது?' என்று குடும்பமே உட்கார்ந்து கணக்குப் போடலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே மேசையில் வேலை.

மேசை 5: உங்கள் வீட்டுத் தண்ணீர்

எல்லாத் திட்டமிடல் கூட்டத்திலும் தயக்கம் வரக்கூடிய மேசை இது. வைக்கலாமா, வேண்டாமா?

1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்த தீர்ப்பு அது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் பாலாறு மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டி வந்தது.

சோறு போட்ட தொழிலும் இதுதான், கிணற்றைக் கெடுத்த தொழிலும் இதுதான். டேனரிக்காரர்கள் பணம் கொடுத்து நடத்தும் விழாவில் தண்ணீர் மேசை காணாமல் போகலாம். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் நடத்தினால் தையல் மேசை காணாமல் போகலாம். இரண்டிலும் பிள்ளைக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். இரண்டு மேசையையும் அடுத்தடுத்துப் போடுவதுதான் நேர்மை.

எப்படிச் செய்வது? விளம்பரத்திலேயே 'வீட்டிலிருந்து ஒரு சிறு பாட்டிலில் தண்ணீர் கொண்டு வாருங்கள்' என்று சொல்லிவிட வேண்டும். கிணறு, போர்வெல், குழாய், கேன் எதுவானாலும் சரி. முதல் சோதனை: பேட்டரி, இரண்டு ஆணி, ஒரு எல்.இ.டி. கரைந்த உப்பு அதிகமானால் வெளிச்சமும் கூடும். அடுத்தது, டி.டி.எஸ். மீட்டரில் எண் பார்ப்பது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. மூன்றாவதாக, ஊர் வரைபடத்தில் ஒரு வண்ணப் புள்ளி. வீட்டு எண் வேண்டாம், தெரு அல்லது ஊர்ப் பெயர் போதும்.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் 30 முதல் 40 சதவீதம் உப்பு தடவுவது வழக்கம். கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு போகிறது. வழக்கமான முறையில் ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். இதைக் காட்டச் சின்னத் தோல் துண்டு ஒன்றும், அதன் பின்னால் அடுக்கிய காலி தண்ணீர் கேன்கள் இரண்டும் போதும்.

எச்சரிக்கை ஒன்று பெரிய எழுத்தில் வேண்டும்: டி.டி.எஸ். மீட்டர் குரோமியத்தைக் காட்டாது. எண் குறைவு என்பதற்காகத் தண்ணீர் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி.

குரோமியத்திலும் இரண்டு முகம் உண்டு. டேனரியில் பயன்படுவது குரோமியம்-3. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் கவலைக்குரியது குரோமியம்-6, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. தோலில் படும் தோல் பொருட்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் விதி வைத்திருக்கிறது. விழா மேசையில் இந்த ரசாயனங்கள் எதையும் திறந்து வைக்கக் கூடாது. படமும் விளக்கமும் போதும். வழக்கமான முறையில் சுமார் 60 முதல் 70 சதவீத குரோமியத்தைத்தான் தோல் ஏற்கிறது, மீதி தண்ணீரில் போகிறது. அந்த இழப்பைக் குறைக்கத் தண்ணீரில்லா குரோம் பதனிடும் முறையை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. பிரச்சினையை மட்டும் காட்டி அனுப்பாமல், தீர்வு தேடும் வேலையும் ஒரு படிப்பு, ஒரு வேலைவாய்ப்பு என்று இங்கே சொல்லலாம்.

எத்தனை மேசை வேண்டும்? ஒரு கணக்கு

ஒரு மேசையில் ஒரே நேரத்தில் 6 பேர், ஒரு சுற்றுக்கு 4 நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 90 பேர். ஐந்து மணி நேரத்தில் 450 பேர். வருபவர்கள் 2,000, ஒவ்வொருவரும் ஐந்து சோதனையாவது செய்ய வேண்டும் என்றால் மொத்தம் 10,000 வாய்ப்பு. அதாவது 22, 23 மேசைகள் வேண்டும். இருபத்தி மூன்று புது யோசனை தேவையில்லை. மேலே சொன்ன ஐந்தையும் நான்கைந்து பிரதியாகப் போட்டால் வரிசை குறையும்.

மற்ற விஷயங்களும் சின்னவை அல்ல:

நாள்: ஷூ கம்பெனிக் குடும்பங்களுக்கு ஞாயிறுதான் தோது. வேலூர் வெயிலை நினைத்தால் ஜனவரி, பிப்ரவரி. மாலை வரை நீட்டினால் வானம் பார்க்கலாம். வாணியம்பாடியிலிருந்து போகும் தூரத்தில், ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. 1988-ல் அங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர்.

மொழி: அட்டைகள் தமிழிலும் உருதுவிலும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். முதல் வரி என்ன செய்ய வேண்டும், இரண்டாவது வரி ஒரு கேள்வி.

உயரம்: எட்டு வயதுப் பிள்ளையின் இடுப்பளவு. பெரியவர்களுக்கு ஸ்டூல்.

ஆட்கள்: ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் கல்லூரி மாணவர்கள். பயிற்சியில் முதல் பாடம், பதிலை முந்திச் சொல்லாமல் இருப்பது. 'என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?' என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது.

ஒத்திகை: விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு ஐந்து குடும்பங்களை மட்டும் அழைத்து, எதுவும் சொல்லாமல் மேசை முன் விட்டுப் பார்க்க வேண்டும். அவர்கள் எங்கே திகைக்கிறார்களோ அங்கே தவறு மேசையில்தான்.

உதிரி: ஓட்டை போட்ட அட்டை, பேட்டரி, பென்சில் ஆகியவை தீர்ந்துகொண்டே இருக்கும். தேவைக்கு இரண்டு மடங்கு.

கடைசி மேசை

விழா முடியும்போது வாளிகளில் தண்ணீர் மிஞ்சும். டீத் தண்ணீர், மசி, தோல் வெந்த தண்ணீர், வீடுகளிலிருந்து வந்த பாட்டில்கள். வழக்கமாக அதையெல்லாம் மைதானத்து ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் அதைச் செய்யக் கூடாது.

டீயும் மசியும் கலந்த வாளியைக் கடைசி மேசைக்குக் கொண்டுவந்து, படிகாரம் போட்டுக் கலக்கி, அழுக்கு அடியில் படிவதை எல்லோரும் பார்க்கலாம். மேலே தெளிந்த தண்ணீரில் மறுபடி டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் எண் பெரிதாகக் குறைந்திருக்காது. கலங்கல் போனது, உப்பு போகவில்லை. 'அப்ப உப்பை எப்படி எடுக்கறது?' என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பாலாற்றங்கரைச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வி அது. குரோம் தோல் வெந்த தண்ணீர் மட்டும் தனிக் கேனில், மூடி போட்டு, கல்லூரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். எங்கே போகிறது என்று கேன் மேலேயே எழுதி ஒட்டினால், அதையும் குடும்பங்கள் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.